போக்கர் ஆப் திறக்கும் முன் ஒரு கணக்குப் பாடம்

இரவு பதினோரு மணி. படுக்கப் போகும் நேரத்தில் போனில் ஒரு செய்தி வருகிறது: 'உங்களுக்கு 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது. நள்ளிரவுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.' கீழே ஒரு லிங்க். கேட்காமலே ஐநூறு ரூபாய் தர யார் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி யோசிப்பீர்கள். அடுத்த நொடியே, 'சும்மா ரெண்டு கை ஆடிப் பார்ப்போமே, போனா அவன் காசுதானே' என்று விரல் தானாக லிங்க்கைத் தொடும்.

கல்லூரி விடுதியில் என் பக்கத்து அறை நண்பனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் 4,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தான். எங்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தான். 'மூளை இருந்தா போதும்டா, இதுல லக் எல்லாம் கிடையாது' என்றான். அந்தப் பருவத் தேர்வு முடிவதற்குள் தேர்வுக் கட்டணம் போனது, லேப்டாப் போனது, கடைசியில் அவன் அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. படிப்பில் அவன் எங்களைவிடக் கெட்டிக்காரன். அப்புறம் எப்படி ஏமாந்தான் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் புரிந்தது.

நீங்கள் ஆடுபவராக இருக்கலாம். உங்கள் மகனோ தம்பியோ ஆடுவதாகச் சந்தேகப்படுபவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

பாடம் 1: போக்கர் எப்படிப் போனுக்குள் வந்தது?

போக்கர் 52 சீட்டு கொண்ட கட்டில் ஆடும் ஆட்டம். இப்போது பரவலாக ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு மூடித் தருவார்கள், நடுவில் 5 சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், விலகலாம். நல்ல சீட்டு இல்லாதவரும் இருப்பதுபோல் காட்டி மற்றவர்களை விலக வைக்கலாம். 'திறமை ஆட்டம்' என்று சொல்வதற்கு இந்தப் பாவனைதான் முக்கியக் காரணம்.

2003இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய தகுதிப் போட்டி வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்தார். அங்கே 25 லட்சம் டாலர் வென்றார். 'வீட்டில் உட்கார்ந்தே கோடீஸ்வரன் ஆகலாம்' என்ற ஆசை உலகம் முழுவதும் பரவியது அப்போதுதான். அதே போட்டியில் தோற்றவர்களைப் பற்றி யாரும் விளம்பரம் எடுக்கவில்லை. மலிவான டேட்டாவும் யூபிஐயும் வந்தபின் அந்த ஆசை நம் ஊர்ப் பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டது.

பாடம் 2: மேசைப் பணம் எங்கே போகிறது?

'நான் தோற்றால் இன்னொருத்தன் ஜெயிக்கிறான், கம்பெனிக்கு என்ன லாபம்?' என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் 'ரேக்' என்ற சொல்லில் இருக்கிறது. ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்தில் ஒரு பங்கை ஆட்டத்தை நடத்துபவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பங்குக்குப் பெயர்தான் ரேக். 5 சதவீதம் என்பது பல இடங்களில் வழக்கமான அளவு.

ஒரு கணக்குப் போடுவோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் 6 பேர். ஆளுக்கு 1,000 ரூபாய். மொத்தம் 6,000 ரூபாய்.
ஒரு கையில் நடுவில் சேரும் பணம் சராசரியாக 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் ரேக் என்றால் 10 ரூபாய்.
ஒரு மணி நேரத்துக்கு 60 கை. ஆக, மணிக்கு 600 ரூபாய் நடத்துபவருக்கு.
ஐந்து மணி நேரத்தில் 3,000 ரூபாய். மேசையில் இருந்த பணத்தில் சரிபாதி காலி.

மிச்சம் 3,000 ரூபாய். ஆறு பேரில் ஒருவர் நன்றாக ஆடி 2,000 ரூபாயோடு எழுந்து போகிறார் என்று வையுங்கள். அவருக்கு 1,000 ரூபாய் லாபம். மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கட்டியது 5,000. கையில் இருப்பது 1,000. ஒருவர் 1,000 ஜெயிக்க, ஐந்து பேர் 4,000 தோற்க வேண்டியிருக்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆட்டம் நேர்மையாகத்தான் நடந்தது. அப்படியிருந்தும் கணக்கு இதுதான்.

ஆப்பில் வேகமும் அதிகம். ஆள் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு 25, 30 கைதான் நடக்கும். போனில் அதைப்போல் இரண்டு மடங்கு. சிலர் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மேசை ஆடுகிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் ரேக் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, குறுகிய காலத்தில் அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் வித்தியாசம் தெரியாது. கையில் வரும் முதல் இரண்டு சீட்டும் 'ஏஸ்' ஆக இருக்க 221இல் ஒரு வாய்ப்பு. அப்படி நாலு நல்ல கை முதல் வாரத்திலேயே வந்துவிட்டால் 'எனக்கு இது வருது' என்று தோன்றும். என் நண்பனுக்கு நடந்தது அதுதான். பிறகு தோற்கும்போது ஆட்டத்தைச் சந்தேகப்படாமல் 'இன்னைக்கு நாள் சரியில்ல' என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். விட்டதைப் பிடிக்கணும் என்று பந்தயத்தை ஏற்றினான். கெட்டிக்காரர்கள் அதிகம் விடுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் தங்கள் மூளைமேல் அவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.

பாடம் 3: எதிரில் உட்கார்ந்திருப்பது யார்?

திரையில் ஒரு படமும் ஒரு புனைபெயரும்தான் தெரியும். அதற்குப் பின்னால் மூன்று வகையான ஆபத்து இருக்கிறது.

கூட்டு: ஒரே மேசையில் இரண்டு, மூன்று பேர் நண்பர்கள். போனில் பேசிக்கொண்டே தங்கள் சீட்டைச் சொல்லிக்கொள்வார்கள். உங்களுக்கு 2 சீட்டு தெரியும், அவர்களுக்கு 4 அல்லது 6 தெரியும். ஒருவர் பந்தயத்தை ஏற்ற, இன்னொருவர் மேலும் ஏற்ற, நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

மென்பொருள்: 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்ற நிரல் நான்கு முன்னணிப் போக்கர் வீரர்களுக்கு எதிராக 1,20,000 கை ஆடி வென்றது. 2019இல் 'புளூரிபஸ்' என்ற நிரல் ஆறு பேர் ஆடும் மேசையிலும் வல்லுநர்களை வென்று காட்டியது. இவை ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானவை. ஆனால் தானாக ஆடும் நிரல்களும், 'இப்போது விலகு, இப்போது ஏற்று' என்று சொல்லிக்கொடுக்கும் நிரல்களும் இணையப் போக்கர் உலகத்தையே ஆட்டிவைக்கும் பிரச்சினை. நிரலுக்குத் தூக்கம் வராது, கோபம் வராது. அலுவலகம் முடிந்து களைத்துப் போய் ஆடுகிற உங்களுக்கு ரெண்டும் வரும்.

உள்ளிருந்தே திருட்டு: 2007, 2008ஆம் ஆண்டுகளில் 'அப்சல்யூட் போக்கர்', 'அல்டிமேட் பெட்' என்ற இரண்டு வெளிநாட்டுத் தளங்களில் ஒரு மோசடி அம்பலமானது. மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்க்கக்கூடிய ரகசிய வசதியைப் பயன்படுத்திச் சிலர் பெரும் பணம் பறித்திருந்தார்கள். இதைக் கண்டுபிடித்தது தளம் அல்ல. ஆடித் தோற்றவர்களே பழைய ஆட்டங்களின் பதிவுகளைச் சேர்த்து, 'மனிதனால் இப்படி ஜெயிக்க முடியாது' என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

பாடம் 4: வாலட்டில் தெரியும் தொகை உங்கள் கையில் உள்ள பணமா?

ஆப்பில் 'இருப்பு 12,000' என்று காட்டலாம். அது வெறும் எண். பணம் நடத்துபவரின் கணக்கில்தான் இருக்கிறது.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித் துறை மூன்று பெரிய போக்கர் தளங்கள்மேல் வழக்குத் தொடுத்தது. அவற்றில் ஒன்றான 'ஃபுல் டில்ட்' தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். அதன் வங்கிக் கணக்குகளில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நீதித் துறை கூறியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப வரத் தொடங்கியது 2014இல். உலகப் புகழ்பெற்ற தளத்துக்கே இந்த நிலை என்றால், டெலிகிராம் லிங்க்கில் வரும் பெயர் தெரியாத ஆப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாடம் 5: சட்டம் என்ன சொல்கிறது?

1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நம் மாநிலத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அது எழுதப்பட்டபோது சூதாட்ட விடுதிகள்தான் இருந்தன, போன் ஆப்கள் இல்லை. மேலும், ரம்மியில் திறமைக்கு முக்கிய இடம் உண்டு என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதை வைத்தே இணைய நிறுவனங்கள் 'இது சூதாட்டம் அல்ல' என்று வாதிட்டன. அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகப் பாருங்கள்.

2020 நவம்பர்: பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது.

2022 ஜூன்: ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அரசிடம் அறிக்கை அளித்தது.

2023 ஏப்ரல்: தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணையச் சூதாட்டம் ஆடினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

2023 நவம்பர்: சட்டம் செல்லும் என்றது உயர் நீதிமன்றம். ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்ததை ஏற்கவில்லை.

2025 பிப்ரவரி: தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வெளியாயின. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பணம் வைத்து ஆடக்கூடாது, ஆதார் வழியாகச் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்றன. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது.

2025 ஆகஸ்ட்: நாடாளுமன்றம் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இதில் இல்லை. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் இது தடை செய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் இதற்குப் பணம் அனுப்ப உதவக்கூடாது.

மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை, பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. அதற்காக 'ஆடினா ஒண்ணும் ஆகாது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சூதாட்டத்துக்கான மாநிலச் சட்டத் தண்டனையை மேலே பார்த்தீர்கள். அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து அடுத்த பாடத்தில்.

பாடம் 6: தடைக்குப் பின் விரிக்கப்படும் வலை

மத்தியச் சட்டம் நிறைவேறியதும் இந்தியாவில் இயங்கிய பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் பழகிய விரல் சும்மா இருக்குமா? அந்தப் பழக்கத்தைக் குறிவைத்து வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஏபிகே கோப்பு: 'பிளே ஸ்டோரில் கிடைக்காது, இந்த லிங்க்கில் இறக்குங்கள்' என்பார்கள். அப்படி வரும் ஆப் உங்கள் குறுஞ்செய்தி, தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தால் ஓடிபியையும் படிக்க முடியும்.

யாரோ ஒருவரின் யூபிஐ: பணம் கட்டச் சொல்லும் யூபிஐ பெயரைக் கவனியுங்கள். நிறுவனத்தின் பெயர் இருக்காது, யாரோ ஒரு தனிநபர் பெயர் இருக்கும். நாளைக்கு வேறு பெயர். இவை கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட வங்கிக் கணக்குகள். நீங்கள் ஜெயித்ததாக உங்களுக்கு வரும் 3,000 ரூபாய்கூட, வேறொரு ஊரில் யாரோ ஏமாந்து இழந்த பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் அந்தப் பணம் போன தடத்தில் உள்ள எல்லாக் கணக்குகளும் விசாரணைக்குள் வரும். உங்கள் சம்பளக் கணக்கு முடங்கலாம். 'உன் கணக்கைக் கொடு, மாசம் 5,000 தர்றேன்' என்று யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். தெரிந்தே கொடுத்தால் நீங்களும் வழக்கில் சேர்வீர்கள்.

வரி கட்டினால் பணம் வரும்: 'நீங்கள் 80,000 ஜெயித்துவிட்டீர்கள். எடுக்க 24,000 வரி முன்பணமாக அனுப்புங்கள்' என்பது பழைய தந்திரம். வருமான வரியில் இதுபோன்ற வெற்றிப் பணத்துக்கு 30 சதவீதம் பிடித்தம் செய்யும் விதி உண்மையிலேயே உண்டு. ஆனால் அது கொடுக்கும் பணத்திலிருந்து கழிக்கப்படும். தனியாக அனுப்பச் சொன்னால் மோசடி, சந்தேகமே வேண்டாம்.

இழந்ததை மீட்டுத் தருகிறோம்: வக்கீல், போலீஸ், வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அழைப்பார்கள். கட்டணம் கேட்பார்கள். ஒருமுறை ஏமாந்தவரின் எண் ஏமாற்றுக்காரர்கள் கைக்குக் கை மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போதே உங்கள் போனில் செய்ய வேண்டியவை

1. அமைப்புகளில் 'தெரியாத இடங்களிலிருந்து ஆப் நிறுவுதல்' என்ற அனுமதி எந்த ஆப்புக்கும் இல்லாமல் அணைத்து வையுங்கள்.

2. யூபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத அனுமதி இருந்தால் ரத்து செய்யுங்கள்.

3. வங்கி ஆப்பில் ஒரு நாளுக்கான யூபிஐ வரம்பைக் குறைத்து வையுங்கள். அன்றாடச் செலவுக்கு வேண்டிய அளவு போதும்.

4. கூகுள் கணக்கின் விளம்பர அமைப்பில் சூதாட்ட விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள்.

5. பிள்ளைகளிடம் போன் கொடுக்கும் வீடுகளில் யூபிஐ ரகசிய எண்ணை அவர்கள் முன் அழுத்தாதீர்கள். 'பாப்பா, அந்த நம்பரைப் போடு' என்ற பழக்கமும் வேண்டாம்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அதே 1930ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்துக்கொண்டால் எண் மறக்காது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியப் புகார் தளத்திலும் பதியலாம். மாவட்ட, மாநகரச் சைபர் குற்றக் காவல் நிலையங்களுக்கு நேரிலும் போகலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் அனுப்பிய நாள், நேரம், தொகை, யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன யூபிஐ முகவரி, ஆப்பின் பெயர், லிங்க், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மோசடியில் போன பணத்துக்குத்தான் இந்த வழி. நீங்களே ஆடி, நேர்மையான ஆட்டத்தில் தோற்ற பணத்தை யாராலும் மீட்டுத் தர முடியாது. அந்தப் பணத்துக்குப் பின்னால் இன்னொரு ரூபாயைக்கூட அனுப்பாமல் இருப்பதுதான் லாபம்.

வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால்

அடையாளங்கள் இவை: இரவெல்லாம் விழிப்பது, போனைக் கவிழ்த்தே வைப்பது, காரணம் சொல்லாமல் அடிக்கடி சின்னச் சின்னக் கடன் கேட்பது, நகையோ பொருளோ காணாமல் போவது, கேட்டால் எரிந்து விழுவது.

சூதாட்டப் பழக்கக் கோளாறை உலகச் சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் இதை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்க்க வேண்டாம், சிகிச்சை உண்டு. போனைப் பிடுங்கி உடைப்பதால் பழக்கம் போகாது, வேறு போன் வாங்க இன்னொரு கடன்தான் வரும். முதலில் மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுத வையுங்கள், கடன் ஆப் உட்பட. 'இந்த ஒரு தடவை நான் அடைச்சிடறேன்' என்று சத்தமில்லாமல் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். அடைப்பதானால் கடன் கொடுத்தவருக்கு நேரடியாக அடையுங்கள். கொஞ்ச காலத்துக்கு வரவு செலவை வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் ஆலோசனை கிடைக்கும். டெலி மானஸ் எண் 14416க்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம், கட்டணம் இல்லை. 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. கடன் நெருக்கடியில் 'இனி வாழ்ந்து என்ன' என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அப்போதே அழையுங்கள்.

என் நண்பனின் கதைக்கு வருகிறேன். ஒருநாள் அவனே வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். அவன் அம்மா முதலில் அழுதார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: 'சாப்பிட்டியாடா?' மறுநாள் பஸ் ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதினார். அடுத்த இரண்டு வருடம் அவன் பகுதிநேர வேலை பார்த்து ஒவ்வொரு பெயராக அடித்தான். செயின் போன வருடம்தான் வீட்டுக்கு வந்தது. அந்த நோட்டை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

இன்றிரவு போனஸ் செய்தி வந்தால், திறக்காமல் அழித்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். இந்தக் கட்டுரையின் கணக்கை, அதாவது ஆறு பேர், மணிக்கு அறுபது கை, கைக்கு பத்து ரூபாய் என்பதை, ஒரு தாளில் போட்டு வீட்டில் உள்ள ஒருவருக்குக் காட்டுங்கள்.